குழந்தைக்கும் குடும்பத்துக்கும் ஒரு டிஜிட்டல் கேமரா: தேர்ந்து வாங்குவதும் விற்பதும்

"பிள்ளைக்கு ஒரு கேமரா வேண்டும். விலை அதிகம் போகக் கூடாது" என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு எதை எடுத்துக் கொடுப்பது? செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவருக்கும், மாமல்லபுரத்தில் பொம்மையும் சிப்பிப் பொருளும் விற்பவருக்கும் பொதுவான கேள்வி இது. டப்பாவின் மேல் எண் பெரிதாக இருப்பதைக் கொடுத்து அனுப்பினால் அன்றைய கல்லா நிறையலாம். மறுவாரம் அதே டப்பா திரும்பி வந்தால் லாபமும் போகும், கடையின் பெயரும் போகும். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி வணிகர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

பழைய வியாபாரமும் புதிய வியாபாரமும்

மூத்த உறுப்பினர்களுக்கு ஃபிலிம் ரோல் காலம் நினைவிருக்கும். ஒரு ரோலுக்கு 36 படம். கோடக் கே.பி.10, யாஷிகா எம்.எஃப்.2, ஹாட்ஷாட் போன்ற கேமராக்கள் குடும்பங்களில் புழங்கின. 1960ல் தொடங்கப்பட்டு 1967ல் உற்பத்திக்கு வந்த உதகை ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' ஃபிலிமும் நம் கடைகளில் விற்றது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை.

டிஜிட்டல் கேமரா பிறந்தது ஃபிலிம் நிறுவனமான கோடக்கில்தான் என்பது வணிகர் மறக்கக் கூடாத செய்தி. அங்கு வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் 1975ல் செய்த முதல் கேமரா சுமார் மூன்றரை கிலோ எடை. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று. படத்தில் இருந்த புள்ளிகள் பத்தாயிரம் மட்டுமே. 1995ல் காசியோ நிறுவனம் பின்புறம் சிறு திரை வைத்த கியூ.வி.10 கேமராவைக் கொண்டு வந்தது. எடுத்த படத்தை உடனே பார்க்கலாம் என்றதும் குடும்பங்கள் இந்தப் பக்கம் திரும்பின. தன் வீட்டில் பிறந்த பிள்ளையைக் காலத்தில் ஆதரிக்காத கோடக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது.

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010ல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. செல்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனவே இன்று கடைக்கு வந்து கேமரா கேட்பவர், செல்போனால் தீராத ஒரு தேவையோடுதான் வருகிறார். அந்தத் தேவை என்னவென்று அறிவதே விற்பனையின் முதல் படி.

யார் கேட்கிறார்கள்?

பெரும்பாலான பள்ளிகள் மாணவர்கள் செல்போன் கொண்டுவர அனுமதிப்பதில்லை. சுற்றுலாவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கேமரா மட்டும் கொடுத்தனுப்ப விரும்புவார்கள். இன்டர்நெட் இல்லாத பொருளைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு சாராரின் எண்ணம். 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வந்திருப்பதைப் பார்த்தால், இந்தக் கவலை உலகம் முழுவதும் உள்ளது என்று தெரிகிறது. மூன்றாவது வகை, பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பவர்கள். நான்காவது, வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேமரா வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்கள்.

எடுத்துக் காட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைக்கு என்ன வயது? எங்கே கொண்டு போவீர்கள்? படத்தைப் பிரின்ட் போடுவீர்களா, டிவியில் பார்ப்பீர்களா? வீட்டில் படத்தை இறக்கி வைக்க யார் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதிச் சரக்கை அலமாரியிலிருந்து எடுக்கவே தேவையிராது.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கீழே விழுந்தால் உடையாத ரப்பர் உறையும், பெரிய பட்டனும், விலைக் குறைவும் முக்கியம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அதே பொம்மைக் கேமராவைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். அவனுக்கு நல்ல லென்ஸ் உள்ள சாதாரண காம்பாக்ட் கேமராவே ஏற்றது.

மெகாபிக்சல் கணக்கு

டப்பாவில் 40 என்றும் 48 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எவ்வளவு தேவை என்பதை நாமே கணக்கிடலாம். நல்ல பிரின்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200ஐ 1800ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலப் படத்துக்கு 72 லட்சம். சாதாரண ஃபுல் எச்.டி. டிவியில் இருப்பது சுமார் 21 லட்சம் புள்ளி, 4கே டிவியில் சுமார் 83 லட்சம். ஆக, உண்மையான 8 மெகாபிக்சல் இருந்தால் ஒரு குடும்பத்தின் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

'உண்மையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். மலிவுக் கேமராக்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சென்சார் சிறியது. அது பிடித்த படத்தைக் கேமராவே ஊதிப் பெரிதாக்கி 48 மெகாபிக்சல் என்று சேமிக்கும். பலூனை ஊதினால் அதில் உள்ள எழுத்து பெரிதாகுமே தவிர புதிய எழுத்து வராது. இதுவும் அப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடைச் சுவரில் ஒரு தினசரித் தாளை ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று படம் எடுங்கள். ஒருமுறை அதிக மெகாபிக்சல் அமைப்பிலும், ஒருமுறை குறைந்த அமைப்பிலும் எடுங்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதிக அமைப்பில் எடுத்ததில் கூடுதலாக ஓர் எழுத்தும் தெரியவில்லையென்றால் அந்த எண் வெறும் அச்சு. மொத்த வியாபாரியிடம் பத்து டப்பா எடுக்குமுன் ஒன்றை இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ரிச்சி தெருவில் கொள்முதல் செய்பவர்கள் ஒரு தாளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ், ஜூம், ஃப்ளாஷ்

டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதற்காக வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆப்டிகல் ஜூம்தான் லென்ஸ் நகர்ந்து உண்மையாகக் கிட்டத்தில் காட்டுவது. வேடந்தாங்கலில் பறவை எடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: பிள்ளைகள் கேமராவில் பறவை ஒரு புள்ளியாகத்தான் தெரியும், மூன்று மடங்கு ஆப்டிகல் ஜூம் கூடப் போதாது. இதை முன்கூட்டிச் சொன்ன கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

சிறு கேமராவின் ஃப்ளாஷ் வெளிச்சம் ஏறக்குறைய மூன்று மீட்டர்தான் எட்டும். மாமல்லபுரத்து நாட்டிய விழாவில் பின்வரிசையிலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் பளிச்சென்று விழும். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் வலைக்கு அப்பால் உள்ளதை எடுக்கும்போது ஃப்ளாஷை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் வலை மட்டுமே வெள்ளையாகத் தெரியும்.

1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள மாமல்லபுரத்தில் படம் எடுக்கக் காலை நேரமே நல்லது. அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. பிற்பகலில் வெயில் பாறைக்குப் பின்னால் போய்விடுவதால் சிற்பங்கள் நிழலில் மங்கிவிடும். மலிவுக் கேமராவுக்கு வெளிச்சமே பலம். காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் பிரின்ட் போட்டுக் கடையில் மாட்டி வைத்தால் விளக்கம் தேவையில்லை.

கேமராத் திரையைக் கடைக்குள் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வாடிக்கையாளரையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் காட்டுங்கள். கடற்கரையில் படம் தெரியாத திரை எதற்கும் உதவாது.

கடற்கரைக்கு ஏற்ற கேமரா

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடை வைத்திருப்பவர்கள் உப்புக் காற்றையும் மணலையும் நினைத்தே சரக்கு எடுக்க வேண்டும். ஆன் செய்ததும் முன்னால் நீளும் லென்ஸ், மணலுக்குப் பரம எதிரி. ஒரு துகள் இடையில் சிக்கினாலும் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். ரிப்பேர்ச் செலவு கேமரா விலையைத் தொடும். நகராத லென்ஸ் உள்ள எளிய கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. விலை குறைந்தது சில இடங்களில் மேலானது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்தால் எந்த அளவுக்கு என்று பாருங்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல் நீர் பட்டால் மூடிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். அத்தகைய குறியீடு இல்லாத கேமராவைக் கடலுக்கு அருகில் கொண்டு போவதானால் ஒரு ஜிப் கவர் போதும்.

லென்ஸில் மணல் இருந்தால் துணியால் துடைக்கக் கூடாது. முதலில் சிறு ஊதுபந்தால் ஊதிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும், இல்லையேல் கீறல் விழும். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஊதுபந்து, ஜிப் கவர், மென்துணி மூன்றையும் ஒரு பொட்டலமாக்கினால் அதுவே ஒரு சிறு வியாபாரம்.

பேட்டரியும் மெமரி கார்டும்

திரும்பி வரும் புகார்களில் கேமராவின் குற்றம் அல்லாதவையும் உண்டு. போலி மெமரி கார்டு அவற்றில் முக்கியமானது. 8 ஜி.பி. கார்டை 64 என்று காட்டும்படி மாற்றி விற்பார்கள். முதலில் சில நூறு படம் நன்றாகப் பதியும். அளவு தாண்டியதும் பழைய படங்கள் அழியும் அல்லது திறக்காது. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் இப்படிப் போனால் அதற்கு எந்த ரீஃபண்டும் ஈடாகாது. கார்டு கொள்முதல் செய்யும்போது ஒன்றை முழுவதும் வீடியோக்களால் நிரப்பி, கடைசியாகப் போட்ட வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். 32 ஜி.பி. கார்டு கம்ப்யூட்டரில் 29.8 என்று காட்டுவது மட்டும் மோசடி அல்ல. எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு அது.

32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை ஏற்காத பிள்ளைகள் கேமராக்கள் உண்டு. கையேட்டைப் பார்த்துப் பொருத்தமானதையே கொடுங்கள். ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்தாலும் 32 ஜி.பி.யில் ஏறக்குறைய எட்டாயிரம் படம் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு எதற்கு?

கழற்ற முடியாத பேட்டரி கொண்ட கேமராவில் பேட்டரி போனால் கேமராவும் போயிற்று. கழற்றக்கூடிய பேட்டரியானால் அதன் மாற்று கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவை விட்டுவைத்தால் பேட்டரி உப்பும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும்.

உடனே படம் வெளிவரும் இன்ஸ்டாக்ஸ் வகை 1998 முதல் சந்தையில் உள்ளது. அதில் எளிய மாடல்கள் டிஜிட்டல் அல்ல, ஃபிலிம்தான். பிள்ளை ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒரு தாள் செலவு. மினி வகைப் படத்தின் அளவு 62க்கு 46 மில்லிமீட்டர்தான். இவற்றைச் சொல்லி விற்றால் தொடர்ந்து ஃபிலிம் வாங்க வருவார்கள், சொல்லாமல் விற்றால் சண்டைக்கு வருவார்கள். ஃபிலிம் இருப்பு வைப்பவர்கள் ரோல் காலத்துப் பழக்கப்படி காலாவதி தேதி பார்த்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

குழந்தையின் பாதுகாப்பு

கழுத்தில் மாட்டும் கயிறு, இழுத்தால் தானே விடுபடும் கொக்கியுடன் இருக்க வேண்டும். கட்டிப்போட்ட கயிறு விளையாடும் பிள்ளையின் கழுத்தை இறுக்கும். மைக்ரோ கார்டு விரல் நகத்தளவு உள்ளது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். கார்டு மூடி எளிதில் திறக்காததாகப் பார்த்துக் கொடுங்கள். வைஃபை வழியாகப் பெயர் தெரியாத ஆப் ஒன்றில் படத்தை ஏற்றச் சொல்லும் கேமராவைப் பிள்ளைகளுக்கு விற்காமல் இருப்பதே நல்லது.

பில்லும் சட்டமும்

1. டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதம். குறைந்த வரியில் 'பொம்மை' என்று பில் போட்டு வரும் கேமராச் சரக்கைத் தணிக்கையாளரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கொள்முதல் வரி திரும்பக் கிடைக்காது. அந்த 18 சதவீதத்தையும் அடக்க விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

2. டப்பாவின் மேல் எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, மாதமும் ஆண்டும், புகார் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். டிஜிட்டல் கேமரா, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவில் வரும் பொருள். பதிவு எண் இல்லாத சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மை என்று விற்பவர்களுக்கு இதுவும் பொருந்தும்.

3. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்ட பில் நம்மைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாள். பில் கொடுக்காமல் விற்பதும் அதே குற்றம்தான்.

பழைய கேமரா வாங்கும்போது

பழைய காம்பாக்ட் கேமராக்களுக்கு இப்போது இளைஞர்களிடையே மீண்டும் விருப்பம் வந்திருக்கிறது. நல்ல நிறுவனத்தின் பழைய கேமரா, புதிய பொம்மைக் கேமராவைவிடச் சிறந்த படம் கொடுக்கும். வாங்கும்போது லென்ஸ் தடையின்றி நீண்டு மடங்குகிறதா, உள்ளே பூஞ்சை உண்டா, படத்தில் கோடு விழுகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுலாத் தலத்தில் வியாபாரம் செய்யும் நமக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பயணியிடம் திருடிய கேமராவும் நம் கடைக்கே விற்பனைக்கு வரலாம். திருட்டுப் பொருளை அறிந்தோ, அறியக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். விற்பவரின் அடையாளச் சான்று நகல், பழைய பில், கேமராவின் வரிசை எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில்லும் இல்லை, விலையும் மிகக் குறைவு என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். கார்டில் உள்ள குடும்பப் படங்களை விற்பவர் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும். பிரின்ட் போட்டுக் கொடுக்கும் கடைகளும் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் உள்ள நகலை அழிப்பதே நாணயம்.

லாபக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி நீங்கலாக 1,500 ரூபாய்க்கு வாங்கிய கேமராவை 1,800க்கு விற்பதாகக் கொள்வோம். பத்து விற்றால் 3,000 ரூபாய் லாபம். அதில் இரண்டு பழுதாகித் திரும்பி, மொத்த வியாபாரியும் கைவிரித்துவிட்டால், எட்டில் கிடைத்த லாபம் 2,400. முடங்கிய சரக்கு 3,000. முடிவில் 600 ரூபாய் நட்டம். மாற்றிக் கொடுக்கும் விநியோகஸ்தரிடம் 2,000 ரூபாய்க்கு வாங்கி 2,300க்கு விற்றால் இரண்டு திரும்பினாலும் அந்த 3,000 ரூபாய் நம்மிடமே இருக்கும். கொள்முதல் விலையைவிட, திரும்பி வரும் சரக்குக்கு யார் பொறுப்பு என்பதே இந்த வியாபாரத்தில் லாபத்தைத் தீர்மானிக்கிறது. அந்தப் பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விற்பவர் செய்ய முடியாதது ஒன்று நம்மால் முடியும். டப்பாவைப் பிரித்து, சார்ஜ் போட்டு, கார்டு செருகி, தேதியும் நேரமும் சரியாக வைத்து, அந்தப் பிள்ளையின் கையாலேயே முதல் படத்தை எடுக்க வையுங்கள். படத்தைச் செல்போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ மாற்றுவது எப்படி என்று பெற்றோருக்குக் காட்டுங்கள். முக்கியமான படங்களுக்கு இரண்டு நகல் வைக்கச் சொல்லுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது சிலவற்றைப் பிரின்ட் போடச் சொல்லுங்கள். பக்கத்து ஸ்டுடியோவோடு பேசி, கேமராவோடு பத்துப் படம் பிரின்ட் இலவசம் என்று சீட்டுக் கொடுத்தால் இரு கடைக்கும் ஆள் வரும்.

மொத்தத்தில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வாடிக்கையாளர் பொருளைச் சோதித்து ஒப்புக்கொண்டுவிடுகிறார். பிறகு வரும் வீண் புகார் பெரும்பாலும் குறையும்.

2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான செங்கல்பட்டில் கோவிலும் கடலும் ஏரியும் பறவைகளும் ஒருசேர இருக்கின்றன. ஒரு பிள்ளை இவற்றையெல்லாம் தன் கேமராவில் பிடித்து வைக்க, ஏற்ற பொருளை ஏற்ற விலையில் எடுத்துக் கொடுங்கள். அந்தக் குடும்பம் அடுத்து ஃபேனோ, மிக்ஸியோ வாங்க வேண்டியிருந்தாலும் உங்கள் கடை வாசலுக்கே வரும்.